பாலிமர் கிளே கம்மல்: முதல் ஜோடிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டெரகோட்டா நகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், செய்தும் இருக்கலாம். மண்ணைப் பிசைந்து, உருவம் கொடுத்து, நிழலில் காயவைத்து, சுட்டு, வண்ணம் பூசி எடுப்பது. பாலிமர் கிளே நகையும் அதன் தங்கைதான் என்று நினைத்துப் பலர் தொடங்குகிறார்கள். கைவேலை ஏறக்குறைய ஒன்றுதான். பொருள் முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் முதல் ஜோடியே காதில் போட்டுக்கொள்ளும்படி வரும்.

அப்படி என்ன பொருள்? தண்ணீர்க் குழாய்களில் இருக்கும் பிவிசி என்ற பிளாஸ்டிக்தான். அதை நுண்ணிய பொடியாக்கி, இளக்கியும் (பிளாஸ்டிக்கை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் போன்ற திரவம்) நிறமும் சேர்த்துப் பிசைந்திருக்கிறார்கள். இது மண்ணால் ஆனதல்ல, இதில் தண்ணீரும் இல்லை. காய்வதற்கு ஈரமே இல்லாததால் நிழலில் எத்தனை நாள் வைத்தாலும் இது காயாது. 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை சூடு பட்டால்தான் பொடித் துகள்கள் ஒன்றோடொன்று உருகி இணைந்து ஒரே துண்டாக இறுகும்.

இது எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் பொம்மைகளுக்குப் பேர்போன கெத்தே குரூஸே குடும்பத்தில் இருந்து. அவருடைய மகள் ஸோஃபி உருவாக்கிய கலவையை எபர்ஹார்ட் ஃபேபர் என்ற பென்சில் நிறுவனம் வாங்கி, 1966இல் 'ஃபிமோ' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. இப்போது அது நம் பிள்ளைகளுக்குப் பென்சிலால் அறிமுகமான ஸ்டெட்லர் நிறுவனத்திடம் இருக்கிறது. அமெரிக்காவின் 'ஸ்கல்ப்பி'யும் அதே காலத்துச் சரக்குதான்.

டெரகோட்டாவை விட்டுவிட்டு இதற்கு ஏன் வர வேண்டும்? விட வேண்டியதில்லை, இரண்டுக்கும் தனித்தனி அழகு உண்டு. ஆனால் பாலிமர் கிளேயில் நிறம் மேலே பூசுவதல்ல, உள்ளேயே இருப்பது. அதனால் உரிந்து போகாது. இரண்டு மில்லிமீட்டர் தகடாக்கினாலும் தாங்கும் என்பதால் பெரிய தொங்கட்டான்கூடக் காதை இழுக்காது. கீழே விழுந்தால் சட்டென்று உடையாது. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது.

கடைக்குப் போனால் முதல் குழப்பம் அங்கேயே தொடங்கும். 'கிளே' என்ற பெயரில் நாலைந்து பொருள் அடுக்கியிருப்பார்கள். குழந்தைகளுக்கான பஞ்சு போன்ற கிளே, காற்றில் தானே உலரும் கிளே, இரண்டு பொட்டலமாக வந்து கலந்தால் சில மணி நேரத்தில் இறுகும் எபாக்ஸி கிளே, சோளமாவும் வெள்ளைப் பசையும் சேர்த்துச் செய்யும் 'கோல்டு போர்சிலின்'. இவை எதுவும் பாலிமர் கிளே அல்ல. உறையில் 'ஓவன் பேக்' என்றும், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத பொட்டலத்தை எடுக்காதீர்கள்.

எந்த பிராண்டு வாங்கலாம்? கம்மலுக்கு ஃபிமோ, ஸ்கல்ப்பி பிரீமோ, செர்னிட் மூன்றும் நம்பலாம். ஸ்கல்ப்பியிலேயே 'த்ரீ' என்று வருவது பிசைய மென்மையாக இருக்கும், ஆனால் மெல்லிய துண்டாக வெந்தபின் எளிதில் முறியும். இணையத்தில் முப்பது நாற்பது குட்டிக் கட்டிகள் சேர்ந்த வண்ணப் பெட்டி ஒன்று மலிவாகக் கண்ணில் படும். பெயர் தெரியாத அந்தச் சரக்கை முதலில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துண்டு உடைந்தால் உங்கள் கைக்குறையா கிளேயின் குறையா என்றே தெரியாமல் போகும்.

எத்தனை நிறம் வேண்டும்? வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம். ஐந்து போதும், மீதியைக் கலந்து எடுக்கலாம். ஆசைக்கு ஒரு தங்க நிறம் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் கலந்து வரவழைக்க முடியாது. பொதுவாகக் கிடைக்கும் 57 கிராம் கட்டி ஒன்றில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டக் கம்மல் என்றால், ஏறக்குறைய பத்து ஜோடி செய்யலாம்.

வாங்கும்போது உறையின் மேலேயே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் கடைக் கிடங்கின் வெக்கையில் பாதி இறுகிப்போன சரக்கு. நம் ஊர் மே மாதத்தில் இது அடிக்கடி நடக்கும். வீட்டிலும் ஜன்னலோரம், வண்டிப் பெட்டி, ஃபிரிட்ஜின் தலைப்பகுதி இங்கெல்லாம் வைக்காதீர்கள். பிரித்த கட்டியைப் பட்டர் பேப்பரில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் அடியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். சில வகைப் பிளாஸ்டிக் டப்பாக்களை இந்த இளக்கி அரித்து ஒட்டச் செய்துவிடும் என்பதால்தான் பட்டர் பேப்பர். இதே காரணத்துக்காக, வார்னிஷ் பூசிய மேசைமேல் கிளேயை அப்படியே வைக்க வேண்டாம்.

கருவிகள்? பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். வழவழப்பான தரை டைல்ஸ் ஒன்று, உருட்ட ஒரு கண்ணாடிப் பாட்டில் அல்லது எவர்சில்வர் குழாய், ஒரு கூரிய பிளேடு, பல்குச்சி, ஊசி, வட்டம் வெட்டப் பேனா மூடியோ பாட்டில் மூடியோ. சப்பாத்திக் கட்டையை எடுக்காதீர்கள். மரத்தில் கிளே ஏறிவிடும், அதன்பிறகு அதில் மாவு தேய்க்கக் கூடாது. விதி ஒன்றுதான்: கிளே பட்ட எதுவும் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது.

காதணியின் உலோகப் பாகங்களைத் தனியாக வாங்க வேண்டும். காதுக் கொக்கி, தோட்டுக்குப் பின்பக்கம் ஒட்டும் தண்டு, அதன் அடைப்பான், துண்டுகளைக் கோக்கும் ஜம்ப் ரிங் (சிறு கம்பி வளையம்), இரண்டு சிறு குறடு. சென்னையில் சௌகார்பேட்டை, பாரிமுனைப் பக்கத்துத் தெருக்களில் பாக்கெட் கணக்கில் கிடைக்கும். இங்கே காசைக் கொஞ்சம் கூடச் செலவழியுங்கள். மலிவான கொக்கிகளில் நிக்கல் இருக்கும், பலருடைய காது அதற்குப் புண்ணாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி என்று கேட்டு வாங்குங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கட்டியில் வெட்டிய உடனே உருவம் செய்யத் தொடங்கக் கூடாது. முதலில் பதப்படுத்த வேண்டும் (கையால் பிசைந்து, உருட்டி, மடித்து மென்மையாக்குவது). சிறு துண்டு என்றால் ஐந்து நிமிடம் போதும். மடித்தால் ஓரத்தில் விரிசல் விடாத பதம்தான் சரியான பதம். உதிர்ந்துகொண்டே இருந்தால் ஒரு சொட்டு பேபி ஆயில் சேர்த்துப் பிசையுங்கள். மாறாக, கைச்சூட்டில் பிசுபிசுத்தால் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே சில மணி நேரம் வையுங்கள். மிகுதியான எண்ணெயைத் தாள் இழுத்துக்கொள்ளும். அவசரம் என்றால் ஃபிரிட்ஜில் பத்து நிமிடம்.

வெள்ளையில் தூசி படிகிறதே? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வெள்ளையை முதலில் பிசைந்து முடித்துவிட்டு மற்ற நிறங்களுக்குப் போங்கள். சிவப்புக்கு அடுத்து வெள்ளையைத் தொட்டால் இளஞ்சிவப்புதான் கிடைக்கும். இடையிடையே ஈரத் துடைப்பானால் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுவது கஷ்டம்தான், ஆனால் தூசி பாதியாகக் குறையும்.

தகடு எல்லா இடத்திலும் ஒரே கனமாக வர ஒரு வழி: கிளேயின் இரு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி ஒவ்வொன்று வைத்து, அவற்றின்மேல் பாட்டிலை உருட்டுங்கள். குச்சியின் உயரத்துக்குமேல் அமுங்காது. இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வரும், கம்மலுக்கு அது பொருத்தமான கனம். பிறகு தகட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேலிருந்து மூடியால் அழுத்தி வெட்டுங்கள். ஓரம் கூர்மையாக இல்லாமல் வழுவழுவென்று உருண்டு வரும். பின்னால் தேய்க்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

வேலைப்பாட்டுக்கு என்ன செய்வது? இரண்டு நிறத்தைக் கயிறு போல முறுக்கி, முழுதும் கலக்கும் முன் நிறுத்தினால் பளிங்குக் கோடுகள் கிடைக்கும். பழைய ஜரிகை லேஸை அழுத்தி எடுத்தால் அதன் அச்சு விழும். ஒட்டாமல் இருக்க முதலில் கொஞ்சம் சோளமாவு தூவிக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது கல் உப்பு. கல் உப்பைக் கிளேயின்மேல் பதித்து வேகவைத்து, ஆறியதும் தண்ணீரில் ஊறப் போடுங்கள். உப்பு கரைந்து போய் பவளப் பாறை போலக் குழிகள் நிற்கும். கிளேயின் சூட்டில் உப்புக்கு எதுவும் ஆகாது, அது உருக 800 டிகிரி வேண்டும். வெள்ளைக் கிளேயில் காப்பித்தூள் கலந்தால் கல் போன்ற புள்ளிகள் வரும். மஞ்சள்தூளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதன் நிறம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

தொங்கட்டானுக்குத் துளை வேண்டுமே? வேகவைக்கும் முன்பே பல்குச்சியால் போடுங்கள். ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் நாளடைவில் பிய்ந்துவிடும். கண்ணாடி மணியையும் உலோகத்தையும் சேர்த்தே வேகவைக்கலாம். பிளாஸ்டிக் முத்து, பிளாஸ்டிக் கல், ரப்பர் அடைப்பான் இவை அடுப்புக்குள் போகக் கூடாது. கடையில் 'முத்து' என்று கொடுப்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இதுவரை சொன்ன எதிலும் பிசகினால் கசக்கி உருட்டித் திரும்பச் செய்துகொள்ளலாம். அடுத்து வருவதுதான் நகையின் ஆயுளைத் தீர்மானிக்கும் இடம்: வேகவைத்தல்.

எந்த அடுப்பு? ஓடிஜி எனப்படும், மேலும் கீழும் கம்பி சூடாகும் மின் அடுப்பு போதும். கன்வெக்‌ஷன் வசதி (விசிறி வழியாகச் சூடான காற்றைச் சுழற்றுவது) உள்ள மைக்ரோவேவ் வைத்திருந்தால் அந்த முறையில் மட்டும் வைக்கலாம். சாதாரண மைக்ரோவேவ் முறையில் ஒருபோதும் வேண்டாம். அது கிளேயை ஓரிடத்தில் கருக்கி இன்னோரிடத்தில் பச்சையாக விட்டுவிடும்.

அடுப்பே இல்லையே, கேக் செய்வது போல வாணலியில் உப்பு பரப்பி மூடி வைக்கலாமா? கொதிநீரில் போடலாமா? கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது, கிளேக்குத் தேவையான சூடு அதற்கு மேல். வெளியே கெட்டியாகத் தெரியும், ஒரு வாரத்தில் முறியும். வாணலியில் எதிர்ப்பிரச்சினை: சூடு எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தாண்டினால் ஆபத்து. அடுப்பு வாங்கும்வரை பொறுத்திருப்பது அல்லது அடுப்பு உள்ள தோழியோடு சேர்ந்து ஒரு நாள் மொத்தமாக வேகவைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை டிகிரி, எத்தனை நேரம்? உறையில் உள்ளதே வேதம். ஃபிமோவுக்கு 110 டிகிரியில் 30 நிமிடம், ஸ்கல்ப்பி பிரீமோவுக்கு 130 டிகிரியில் ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் கனத்துக்கும் 30 நிமிடம் என்று போட்டிருக்கும். இரண்டு பிராண்டைக் கலந்திருந்தால் குறைந்த சூட்டில் அதிக நேரம் வையுங்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஓடிஜியின் திருகில் 100, 150, 200 என்றுதான் கோடு இருக்கும், 130ஐ நீங்கள் உத்தேசமாகத் திருப்புவீர்கள். அந்த உத்தேசமும் உண்மையான சூடும் இருபது முப்பது டிகிரி வேறுபடுவது சாதாரணம். கம்பி எரிந்து அணையும்போது சூடு மேலும் கீழும் ஆடும். ஆகவே அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். வாங்கும் பட்டியலில் இதை ஆறாவது நிறத்துக்கு முன்னால் எழுதுங்கள்.

முறை இதுதான். அடுப்பை வெறுமையாகப் பதினைந்து நிமிடம் சூடாக்கி, வெப்பமானி சரியான எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். டைல்ஸ்மேல் வெள்ளைத் தாள் விரித்து அதில் கம்மல்களை அடுக்குங்கள். தாள் இல்லாவிட்டால் டைல்ஸ் பட்ட பக்கம் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். 130 டிகிரியில் தாள் எரியாது, பயம் வேண்டாம், ஆனால் அது கம்பியில் படாமல் இருக்க வேண்டும். மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாக மூடி, நடுத்தட்டில் வையுங்கள். கதவை மூடி, சூடு திரும்ப ஏறிய பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள்.

நடுவில் கரண்ட் போய்விட்டால்? கவலையே இல்லை. கரண்ட் வந்ததும் முதலிலிருந்து முழு நேரமும் வேகவைத்துக்கொள்ளலாம். சரியான சூட்டில் எத்தனை முறை வைத்தாலும் கிளே கெடாது. நேரம் கூடினால் தப்பில்லை, சூடு கூடினால்தான் தப்பு.

கூடினால் என்ன ஆகும்? முதலில் வெள்ளை பழுப்பாகும். இன்னும் ஏறி 175 டிகிரிப் பக்கம் போனால் பிவிசி சிதையத் தொடங்கி, ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவை விடும். கண்ணும் தொண்டையும் காந்தும். அப்படி நெடி வந்தால் சுவிட்சை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே போய்விடுங்கள். துண்டைக் காப்பாற்ற அடுப்பைத் திறக்காதீர்கள். சரியான சூட்டில் லேசான பிளாஸ்டிக் மணம் மட்டுமே வரும். அதற்கும் ஜன்னல் திறந்திருப்பது நல்லது. கேக் செய்யும் அதே ஓடிஜிதான் வீட்டில் இருக்கிறது என்றால், கிளேயை மூடியுள்ள அலுமினியப் பெட்டிக்குள் வைத்து வேகவையுங்கள், உணவோடு சேர்த்து வைக்காதீர்கள். விற்பனை அளவுக்குச் செய்யப் போகிறீர்கள் என்றால் தனி அடுப்பு வாங்கிவிடுங்கள்.

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சூடாக இருக்கும்போது கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அடுப்புக்குள்ளேயே ஆறவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கம்மலோடு சேர்த்து அதே கனத்தில் ஒரு விரல் நீளப் பட்டையும் வேகவைத்துக்கொண்டால், அதைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறிய பட்டையை மெல்ல வளையுங்கள். வளைந்து நிமிர்ந்தால் வெந்திருக்கிறது. பிஸ்கட் போல ஒடிந்தால் சூடு போதவில்லை, கம்மல்களைத் திரும்ப அடுப்பில் வையுங்கள். 'பாலிமர் கிளே உடையும்' என்று சொல்பவர்களின் துண்டுகள் பெரும்பாலும் சரியாக வேகாதவையே.

ஓரம் சொரசொரப்பாக இருந்தால் உப்புத்தாளால் தேய்க்கலாம். 400இல் தொடங்கி 600, 800, 1000 என்று போங்கள். தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், காய்ந்த நிலையில் தேய்த்தால் பிளாஸ்டிக் தூள் மூக்குக்குள் போகும். கடைசியில் ஜீன்ஸ் துணியால் துடைத்தால் மெல்லிய பளபளப்பு வரும்.

வார்னிஷ் பூச வேண்டுமா? கட்டாயமில்லை. மேலே பொடியோ தங்கத் தாளோ ஒட்டியிருந்தால் மட்டும் வேண்டும். தண்ணீரில் கரையும் வகையைப் பூசுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று நிறமற்ற நகப்பூச்சை எடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் கிளேயைத் தாக்கி, சில வாரங்களில் மேற்பரப்பு பிசுபிசுக்கும், அந்தப் பிசுக்கு போகவே போகாது.

தோட்டுத் தண்டை எதில் ஒட்டுவது? சொட்டுப் பசை நொடியில் பிடிக்கும், ஆனால் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். அரால்டைட் போல இரண்டு குழாயைக் கலந்து ஒட்டும் பசை ஒரு நாள் காயக் கேட்கும், ஆனால் நிற்கும். இன்னும் உறுதி வேண்டுமா? தண்டின் தட்டைப் பகுதியை வெந்த கம்மலின் பின்னால் வைத்து, அதன்மேல் மெல்லிய கிளேத் தகட்டைப் போர்த்தித் திரும்ப ஒருமுறை வேகவைத்துவிடுங்கள்.

ஜம்ப் ரிங்கைக் கோக்கும்போது வாயை இருபுறமும் இழுத்து அகட்டாதீர்கள், வட்டம் கெட்டுவிடும். இரண்டு குறடால் பிடித்து ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருகித் திறந்து, அதே போலத் திருகி மூடுங்கள்.

அணியும்போது? வாசனைத் திரவியம், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் முடிந்த பிறகு கம்மலைப் போடுங்கள். அழுக்கானால் சோப்புத் தண்ணீர் போதும். நகப்பூச்சு நீக்கி மட்டும் படக் கூடாது.

விற்கலாமா என்று கேட்பீர்கள். விற்கலாம், பலர் விற்கிறார்கள். முதல் சில ஜோடிகளை நீங்களும் வீட்டாரும் ஒரு மாதம் போட்டுப் பார்த்த பிறகு விலை போடுங்கள். கணக்கில் கிளேயின் விலை மிகச் சிறியது. கொக்கி, பெட்டி, மின்சாரம், வீணான துண்டு, உங்கள் மணி நேரம் இவைதான் பெரிது. 'களிமண் நகை' என்று மொட்டையாக எழுதினால் டெரகோட்டா என்று எண்ணி வாங்குவார்கள், அதனால் பாலிமர் கிளே என்று தெளிவாகச் சொல்லுங்கள். கொக்கி எந்த உலோகம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் காது ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே முடிவெடுப்பார்கள்.

வேகாத மிச்சத் துண்டுகளை எறிய வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தால் ஒரு பழுப்பு நிறம் வரும், பெரிய மணிகளுக்கு உள்ளே வைத்து மேலே நல்ல நிறத் தகட்டைச் சுற்றிவிடலாம். வெந்து வீணான துண்டுகளைக் குப்பையில் போடுங்கள், ஆனால் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள். அது பிவிசி, எரிந்தால் வரும் புகை நச்சு.